லேக் ஆஃப் பேஸ் ஏரியைச் சுற்றி ஓர் இலையுதிர்காலப் பயணம்: முழுமையான வழிகாட்டி

ஏரியைச் சுற்றி ஓடும் வீதி என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுபவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். ஒன்ராறியோவின் மஸ்கோகா வட்டாரத்தில் இருக்கும் லேக் ஆஃப் பேஸ் ஏரியை முழுதாகச் சுற்றிவர ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓட வேண்டும். ஆனால் அத்தனை தூரத்திலும் தண்ணீர் கண்ணில் படும் இடங்கள் மிகச் சில. கரையோரக் காணிகளில் பெரும்பகுதி தனியார் கொட்டேஜ்களாக (விடுமுறை வீடுகளாக) இருப்பதால், வீதி அவற்றுக்குப் பின்னால் காட்டுக்குள் நுழைந்து, குன்றுகளில் ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. எங்கே இறங்குவது, எத்தனை மணிக்கு இறங்குவது, எந்த வாரத்தில் போவது ஆகிய மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகிறவருக்கு மட்டுமே இந்த ஏரி தன் நிறங்களைக் காட்டும். இந்த வழிகாட்டி ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கமிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப விரும்பும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

முதற்படி: வாரத்தைத் தெரிவுசெய்தல்

நம்மவர்களில் பலர் அக்டோபரின் இரண்டாம் திங்களோடு வரும் தாங்ஸ்கிவிங் நீண்ட வாரவிறுதியையே இதற்கென ஒதுக்குகிறார்கள். விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது என்பது உண்மை. மரங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரு வருடம் நாங்களும் அதே வாரவிறுதியில், இரண்டு வான்களில், கட்டுச்சோறும் பிள்ளைகளுமாகப் போய் இறங்கியபோது மேப்பிள் மரங்கள் விறகுக்கட்டு போல நின்றன. செம்மை முழுவதும் நிலத்தில் கிடந்தது. பிழை எங்களுடையதுதான், எந்த மரம் எப்போது நிறம் மாறும் என்பதை நாங்கள் விசாரித்திருக்கவில்லை.

நிறமாற்றம் ஒரே நாளில் எல்லா மரங்களுக்கும் வருவதில்லை. அது ஓர் ஊர்வலம் போல வரிசையாக வருகிறது. சதுப்பு நிலங்களின் ஓரத்தில் நிற்கும் செம்மேப்பிள்கள் செப்டம்பர் நடுப்பகுதியிலேயே சிவக்கத் தொடங்கிவிடும். அடுத்து வருவது சர்க்கரை மேப்பிள். குன்றுகளை முழுதாகச் செம்மஞ்சளாக மாற்றுவது இந்த மரமே. ஏரிக்குக் கிழக்கே உள்ள அல்கோன்குயின் மாகாணப் பூங்காவின் மேற்குப் பகுதியில் அதன் உச்சம் சராசரியாக செப்டம்பர் 27ஐ ஒட்டி அமைகிறது. சில ஆண்டுகளில் இது ஒரு வாரத்துக்கு மேல் முந்தவும் பிந்தவும் கூடும். லேக் ஆஃப் பேஸ், பூங்காவின் மேட்டு நிலத்தைவிடத் தாழ்வாக, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 315 மீற்றர் உயரத்தில் இருப்பதாலும், கோடையின் வெப்பத்தை ஏரித் தண்ணீர் சில வாரங்கள் தக்கவைத்துக்கொள்வதாலும், அதன் கரையோர மரங்கள் மேட்டு மரங்களுக்குச் சில நாட்கள் பிந்தியே நிறம் மாறுகின்றன. பொப்ளர், பேர்ச் மரங்களின் மஞ்சள் அக்டோபரின் முதல் இரண்டு வாரங்களில் வரும். கடைசியாக, அக்டோபர் நடுப்பகுதியை ஒட்டி, டாமராக் என்ற ஊசியிலை மரம் பொன்னிறமாகித் தன் ஊசிகளை உதிர்க்கும். ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் மரம் அது.

ஆகவே சிவப்பைத் தேடுகிறீர்கள் என்றால் செப்டம்பரின் கடைசி வாரமும் அக்டோபரின் முதல் நான்கைந்து நாட்களும்தான் உங்களுடைய நாட்கள். தாங்ஸ்கிவிங் வாரவிறுதியை விட்டால் வேறு நாளே இல்லை என்பவர்கள் மஞ்சளை எதிர்பார்த்துப் போகலாம். அந்த மஞ்சளும் குறைந்ததன்று. மாகாணப் பூங்கா நிர்வாகம் பருவம் முழுவதும் ஒவ்வொரு பூங்காவிலும் எத்தனை சதவீத இலைகள் மாறியுள்ளன, எந்த நிறம் மேலோங்கி நிற்கிறது என்பதை இணையத்தில் வெளியிடுகிறது. அல்கோன்குயின் பார்வையாளர் மையத்தின் நேரலைக் கமராவும் உண்டு. என் வழக்கம், சதவீதத்தைவிடக் காற்றையே கூர்ந்து பார்ப்பது. இலை உச்சத்தில் இருக்கும்போது மழையோடு ஒரு பலத்த காற்று அடித்தால், ஓரிரவிலேயே மலைச்சரிவு வெறுமையாகிவிடும். வானிலை அறிக்கையில் அப்படியொரு காற்று தெரிந்தால் அதற்கு முதல் நாளே, வேலைக்கு விடுப்பு எடுத்தேனும், போய்விடுவது நல்லது.

ஏன் சில வருடம் சிவப்பு, சில வருடம் மங்கல்

இதைத் தெரிந்துகொண்டால் போகும் நாளைத் தெரிவுசெய்வதும் எளிதாகும். பகல் குறையத் தொடங்கியதும் இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு படலம் வளர்ந்து, இலைக்கும் கிளைக்கும் இடையிலான போக்குவரத்தை மெல்ல அடைக்கிறது. பச்சையம் சிதைகிறது, அது மறைத்து வைத்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. மஞ்சள் அங்கே ஏற்கெனவே இருந்ததால் எந்த வருடமும் அது பெரிதாக ஏமாற்றுவதில்லை. சிவப்பு வேறு வகை. அந்தோசயனின் என்ற அந்த நிறமி, இலையில் அகப்பட்டுக்கொண்ட சர்க்கரையிலிருந்து இலையுதிர்காலத்தில் புதிதாக உண்டாவது. அதற்கு வெயில் வேண்டும், உறைபனி இல்லாத குளிர்ந்த இரவுகளும் வேண்டும். தொடர்ந்து மூட்டமாக இருந்த செப்டம்பருக்குப் பின் சிவப்பு மங்கிப்போவது இதனால்தான்.

இறங்கும் முதல் இடத்தில் நிலத்தில் கிடக்கும் மேப்பிள் இலைகள் சிலவற்றைப் புரட்டிப் பாருங்கள். சில சிவந்த இலைகளின் நடுவே, கத்தரித்து ஒட்டியது போன்ற தெளிவான விளிம்போடு, ஒரு மஞ்சள் நிழல் இருக்கும். மரத்தில் இருந்தபோது இன்னோர் இலை அதன்மேல் படிந்து வெயிலை மறைத்த இடம் அது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது காரை விட்டு இறங்கியதும் முதலில் தேடுவது அந்த இலைகளைத்தான்.

இரண்டாம்படி: முன்பதிவு, பெற்றோல், உணவு

அல்கோன்குயினுக்குள் காரை நிறுத்தி எங்காவது இறங்குவதாக இருந்தால் நாள் அனுமதிச்சீட்டு வேண்டும். அதை ஐந்து நாட்களுக்கு முன்னரிருந்து இணையத்தில் பெறலாம். நிற உச்ச வாரவிறுதிகளுக்கான சீட்டுகள் மிக விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், ஐந்தாம் நாள் காலை பதிவு திறக்கும்போதே எடுத்துவிடுங்கள். நிறுத்தாமல், பூங்காவின் ஊடாக ஓடும் 60ஆம் நெடுஞ்சாலையில் கடந்து மட்டும் போவதற்குச் சீட்டு வேண்டியதில்லை. ஏரியை மேலிருந்து பார்க்க உதவும் டோர்செற் கிராமத்துக் கோபுரத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. அதன் திறப்பு நேரத்தையும் அந்த வருட நடைமுறையையும் முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோலை, வழியில் வரும் பிரேஸ்பிரிட்ஜ் நகரில் நிரப்பிவிடுங்கள். பூங்காவுக்குள் கைபேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடையாது. வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வைத்திருப்பது அவசியம். இரண்டு காரில் போகும் குடும்பங்கள் "போய்ச் சேர்ந்ததும் கோல் எடுக்கிறோம்" என்று பிரிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் புறப்படும்போதே பேசிக்கொள்ள வேண்டும். உணவைப் பொறுத்தவரை, சிறு ஊர்களின் உணவகங்களில் அந்த வாரங்களில் நீண்ட வரிசை நிற்கும். புளிச்சாதமும் ரோல்ஸும் ஒரு பிளாஸ்க் தேநீரும் கையில் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சம். காலையில் உறைநிலைக்கு அருகில் இருக்கும் வெப்பநிலை மதியம் 15 பாகைக்கு ஏறலாம் என்பதால், தடித்த ஒரே ஜக்கெற்றைவிட அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றக்கூடிய உடைகளே உதவும்.

மூன்றாம்படி: எதிர்த்திசையில் நுழைதல்

வழக்கமான பாதை, 400, 11 நெடுஞ்சாலைகளில் நேரே ஹன்ற்ஸ்வில் வரை சென்று, அங்கிருந்து 60இல் கிழக்கே திரும்புவது. எல்லோரும் அப்படியே போவதால், முற்பகல் பத்து மணிக்கெல்லாம் 60 நத்தை வேகத்தில் ஊரும். டோர்செற் கோபுரத்துக்கு அவர்கள் மதியத்துக்குப் பின் வந்து குவிவார்கள். அதனால் நான் பரிந்துரைப்பது மறுதிசை. விடிகாலை ஐந்தரைக்கு ஸ்காபரோவில் புறப்பட்டு, பிரேஸ்பிரிட்ஜைத் தாண்டியதும் 11ஐ விட்டு 117ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்புங்கள். பேஸ்வில், டோர்செற், அங்கிருந்து 35இல் வடக்கே டுவைற், பிறகு 60இல் கிழக்கே பூங்கா அல்லது மேற்கே ஹன்ற்ஸ்வில் என்று வரும் இந்த வழியில், கூட்டம் எங்கே வரப் போகிறதோ அங்கே அதற்கு முன்பே போய் முடித்துவிடலாம். இதில் ஒரு குறை உண்டு: காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். முன் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து வையுங்கள்.

முதல் நிறுத்தம் பேஸ்வில். ஏரியின் தண்ணீர் மஸ்கோகா ஆற்றின் தெற்குக் கிளையாக வெளியேறும் இடம் இது. சிறிய அணைக்கட்டும் ஆற்றோரமும் கிராமத்துக்குள்ளேயே இருக்கின்றன. எட்டு மணியளவில் வந்து சேர்ந்தால், குளிர்ந்த காற்றுக்குக் கீழே வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து எழும் மூடுபனி இன்னும் கலைந்திருக்காது. அக்கரை மரங்கள் முதலில் சாம்பல் நிற உருவங்களாக நின்று, பிறகு ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாகும். தேநீரை இங்கே குடியுங்கள். 20 நிமிடங்கள் போதும்.

பேஸ்விலுக்கும் டோர்செற்றுக்கும் இடையிலான 117 வளைவுகளும் மேடு பள்ளங்களும் நிறைந்த காட்டு வீதி. சில இடங்களில் இருபுற மேப்பிள்களும் மேலே கைகோத்து, வெயில் ஏறியதும் வீதியே செந்நிறக் கூரைக்குள் போவது போல் இருக்கும். ஆசைப்பட்டு வீதியோரத்தில் சடாரென்று நிறுத்தாதீர்கள். வளைவுக்கு அப்பால் வரும் பாரவூர்திச் சாரதிக்கு உங்கள் கார் தெரியாது. உதிர்ந்த ஈர இலைகளின்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

நான்காம்படி: டோர்செற்

ஒரு நாளில் ஒரே இடம்தான் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த இடத்தைத்தான். ஏரியின் மட்டத்திலிருந்து 140 மீற்றருக்கும் மேல் உயரும் குன்றின் உச்சியில் ஏறத்தாழ 30 மீற்றர் உயர இரும்புக் கோபுரம் நிற்கிறது. முன்னொரு காலத்தில் காட்டுத் தீயைக் கண்காணிக்க இங்கே ஒரு கோபுரம் இருந்தது. தீயைத் தேடும் வேலை விமானங்களுக்குப் போன பின், 1967இல் இப்போதைய கோபுரம் எழுப்பப்பட்டது. ஏரியின் பெயர் ஏன் 'குடாக்களின் ஏரி' என்று அமைந்தது என்பது மேலே போனால்தான் விளங்கும்: தண்ணீர் ஒரே பரப்பாக இல்லாமல், குடாவுக்குள் குடாவாக, காட்டுக்குள் விரல் நீட்டிக்கொண்டு போகிறது. ஊசியிலை மரங்களின் கரும்பச்சை இடையிடையே இருப்பதால்தான் மேப்பிளின் நிறம் இவ்வளவு தூக்கலாகத் தெரிகிறது என்பதும் அந்த உயரத்தில்தான் புரியும்.

கோபுரம் 35ஆம் நெடுஞ்சாலையில், கிராமத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. மேலேறும் பாதை செங்குத்தானது, தரிப்பிடமும் சிறியது. அதனால்தான் திறக்கும் நேரத்திலேயே நிற்க வேண்டும் என்கிறேன். நிற உச்ச வாரவிறுதியில் முற்பகல் முடியும்போது கீழே கார்கள் வரிசை கட்டிவிடும். படிகள் பல; முழங்கால் வலி உள்ளவர்களும் உயரத்துக்கு அஞ்சுபவர்களும் ஏற வேண்டியதில்லை. கோபுர அடிவாரத்திலிருந்தே ஏரி ஓரளவு தெரியும். மேலே காற்று பலமாக அடிக்கும் என்பதால் தொப்பியையும் கைபேசியையும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் கிராமத்துக்குள் சென்று, ஏரியின் குறுகிய கழுத்தைக் கடக்கும் பழைய ஒற்றைவழிப் பாலத்தின் அருகே சிறிது நடக்கலாம். எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிட்டு, கையசைத்துப் போவதே அங்கே நடைமுறை.

ஐந்தாம்படி: டுவைற்றில் முடிவெடுத்தல்

டோர்செற்றிலிருந்து 35இல் வடக்கே அரை மணி நேரத்துக்குள் 60ஆம் நெடுஞ்சாலைச் சந்தி வரும். அருகிலுள்ள டுவைற் கிராமத்தின் கடற்கரை போன்ற மணற்கரைதான், இந்தச் சுற்றில் யாரும் கேள்வி கேட்காமல் தண்ணீரின் விளிம்புவரை போகக்கூடிய சிறந்த இடம். மதிய உணவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. அனுமதிச்சீட்டு இருந்து, பிள்ளைகளுக்கும் தெம்பு இருந்தால் கிழக்கே அல்கோன்குயின். இல்லாவிட்டால், பூங்கா வாசலுக்கு முன்பே 60ஐ ஒட்டியுள்ள ராகட் அருவியைப் பார்த்துவிட்டு ஹன்ற்ஸ்வில்லுக்குத் திரும்புங்கள். ஒக்ஸ்டங் ஆறு பாறைகளில் உடைந்து விழும் அந்த இடம் தரிப்பிடத்திலிருந்து குறுகிய நடை. சீட்டு இல்லையென்றால் பூங்காவுக்குள் போவதை நான் வீண் என்றே சொல்வேன். நிறுத்த முடியாமல் 56 கிலோமீற்றரைக் கடந்து, அதே வழியில் திரும்புவதில் சாரதிக்குக் களைப்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

ஆறாம்படி: அல்கோன்குயினுக்குள்

1893இல் நிறுவப்பட்ட இப்பூங்கா 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. நாம் பார்ப்பது 60ஆம் நெடுஞ்சாலை ஓடும் தெற்கு விளிம்பை மட்டும். மேற்கு வாசலிலிருந்து கிலோமீற்றர்கள் எண்ணப்படுகின்றன. எல்லா இடங்களும் அந்த எண்ணாலேயே குறிக்கப்படும். பாதி நாளில் எல்லாவற்றிலும் இறங்க முடியாது. முதியவர்கள் உடன் இருந்தால் நேரே 43ஆம் கிலோமீற்றரில் உள்ள பார்வையாளர் மையத்துக்குச் செல்லுங்கள். அதன் பின்புற மேடையில் நின்றபடியே பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கலாம்; கழிவறை வசதியும் உண்டு. அதற்குச் சற்று முன், 42.5இல், சதுப்பின்மேல் பலகைப் பாதை அமைத்த ஸ்புரூஸ் பொக் நடைபாதை இருக்கிறது. சமதரையான ஒன்றரைக் கிலோமீற்றர். அக்டோபர் நடுவில் டாமராக்கின் பொன்னிறத்தைக் காண இதைவிடப் பொருத்தமான இடம் இந்த வீதியில் இல்லை.

கால் வலு உள்ளவர்கள் 39.7இல் உள்ள லுக்கவுட் பாதையில் ஏறலாம். சுற்று ஏறக்குறைய 2 கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றம் செங்குத்தானது. உச்சியில் பாறை விளிம்புக்கு வேலி கிடையாது. சின்னப் பிள்ளைகளின் கையை அங்கே விடவே கூடாது.

போகும் வழியில் 14ஆம் கிலோமீற்றரைத் தாண்டியதும் வரும் கனூ லேக், கனடிய ஓவியர் டொம் தொம்சன் 1917 ஜூலையில் இறந்த ஏரி. இந்தக் காடுகளின் இலையுதிர்கால நிறத்தைக் கனடியர்களின் கண்ணில் பதித்தவர்களில் அவர் முதன்மையானவர். அவருடைய நண்பர்கள் 1920இல் 'குரூப் ஒஃப் செவன்' என்ற குழுவாக இணைந்தபோது அவர் உயிருடன் இல்லை. ஹன்ற்ஸ்வில் நகர மையத்தில் கட்டடச் சுவர்களில் இவர்களின் ஓவியங்கள் பெரிய அளவில் தீட்டப்பட்டுள்ளன. திரும்பும்போது இறங்கிப் பார்த்தால், காலையில் கண்ட குன்றுகளைச் சுவரில் அடையாளம் காணலாம்.

படம் எடுப்போருக்குச் சில சொற்கள்

உச்சி வெயிலில் இலைகள் வெளிறித் தெரியும். மெல்லிய மூட்டமும் மழை விட்ட நேரமும் நிறத்துக்கு உகந்தவை. வெயில் இருந்தால் மரத்துக்கு எதிர்ப்புறம் போய், ஒளி இலையை ஊடுருவி வரும்படி நின்று எடுங்கள். போலரைசிங் வடிகட்டி இருந்தால் ஈர இலைகளின் பளபளப்பும் ஏரியின் கூசலும் குறையும்; ஆனால் தண்ணீரில் விழும் பிரதிபலிப்பையும் அது தின்றுவிடும் என்பதால், ஏரிக்கரையில் அதைத் திருப்பிப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். குடும்பப் படத்தில் சிவப்பு, செம்மஞ்சள் உடுப்புகள் மரத்தோடு கரைந்துபோகும். நீலம் எடுப்பாக நிற்கும்.

கடைசிப்படி: திரும்புதல்

ஹன்ற்ஸ்வில்லில் ஒரு மணி நேரம் எஞ்சினால், ஃபெயரி லேக்கை மேலிருந்து பார்க்கும் லயன்ஸ் லுக்கவுட்டுக்குக் காரிலேயே ஏறலாம். சிறுவர்களோடு இரவு தங்குபவர்கள் அவ்வூர் மரபுரிமைப் பூங்காவில் உள்ள 'போர்ட்டேஜ் ஃப்ளையர்' ரயிலைக் கேட்டுப் பாருங்கள். பெனின்சுலா ஏரியில் படகிலிருந்து இறங்கியவர்களை லேக் ஆஃப் பேஸுக்கு ஏற்றிச் சென்ற, இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவான தூரமே ஓடிய அந்த ரயில் 1959 வரை சேவையில் இருந்தது. ஹன்ற்ஸ்வில்லுக்கும் பேஸ்விலுக்கும் இடையே மஸ்கோகா 2ஆம் வீதியில் ஓடி வட்டத்தை மூட விரும்பினால் மூடலாம். அந்தப் பக்கம் காடு அழகானது, ஏரி தெரியாது.

செப்டம்பர் இறுதியில் மாலை ஏழு மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். அந்தி நேரத்தில் மான்களும், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், மான் இனத்தைச் சேர்ந்த மூஸ்களும் வீதியைக் கடக்கும். மூஸின் உடல் கார் விளக்கின் ஒளிக்கு மேலே இருப்பதால் அருகில் வரும்வரை தெரியாது என்பதை நினைவில் வைத்து, 60ஆம் நெடுஞ்சாலையில் வேகத்தை அளவாகவே வையுங்கள். ஞாயிறு பிற்பகலில் 11உம் 400உம் கொட்டேஜ்களிலிருந்து திரும்புவோரால் நிரம்பி வழியும். சனிக்கிழமையாகவோ வார நாளாகவோ போனால் அந்தத் தொல்லை மிச்சம். ஞாயிறைத் தவிர்க்க முடியாதவர்கள் ஹன்ற்ஸ்வில்லில் இரவுணவை முடித்து, எட்டு மணிக்குப் பின் புறப்படுங்கள். ஸ்காபரோ வந்துசேரும் நேரத்தில் பெரிய வேறுபாடு இராது, பிள்ளைகளும் பின்னிருக்கையில் தூங்கியிருப்பார்கள்.